அக்காவின் பேரனா, தங்கையின் மகனா? டெர்வோர்கில்லாவின் வம்சக் கதை

வணக்கம்! இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிக்கு 1282-இல் விதிமுறைகள் எழுதிக்கொடுத்த ஸ்காட்லாந்துச் சீமாட்டி டெர்வோர்கில்லாவின் முத்திரை இது. ஒரு பெண் நிற்கிறாள், கைக்கு ஒரு கேடயம். சிங்கம் இருப்பது அப்பா வீடான கேலோவே. இன்னொன்று கணவர் ஜான் பேலியலின் வீடு. இரண்டு பக்கமும் தொங்குகிற ஹன்டிங்டன், செஸ்டர் கேடயங்கள் அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியின் வீடுகள். கையளவு மெழுகில் ஒரு வம்சாவளியே அடங்கியிருக்கிறது. பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்பா ஆலன், கேலோவே பிரபு. 1234-இல் அவர் இறந்தபோது முறைப்படி பிறந்த மகன் இல்லை. நிலமெல்லாம் மூன்று மகள்களுக்குப் பிரிந்தது. சரி, அதைவிடப் பெரிய சொத்து அம்மா வழியில் வந்தது. அம்மா மார்கரெட், ஹன்டிங்டன் ஏர்ல் (பிரபுப் பட்டம்) டேவிட்டின் மூத்த மகள். அந்த டேவிட், ஸ்காட்லாந்து அரசர் வில்லியமின் தம்பி. இந்த ஒரு உறவு வழியை மறந்துவிடாதீர்கள்.

1268-இல் கணவர் இறந்ததும் அவர் இதயத்தைப் பதப்படுத்தி, தந்தப் பேழையில் வைத்துக் கூடவே வைத்திருந்தாள் என்கிறார்கள். 1273-இல் அவர் நினைவாக ஒரு மடம் கட்டினாள். 1290 ஜனவரியில் அவள் இறந்தபோது அந்தப் பேழையோடு அங்கேயே அடக்கம் செய்தார்கள். அதனால்தான் அதற்கு ஸ்வீட்ஹார்ட் மடம் என்று பெயர்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் சின்ன அரசி மார்கரெட்டும் இறந்துபோக, அரியணை காலி. டெர்வோர்கில்லா இன்னும் எட்டு மாதம் இருந்திருந்தால் அந்த உரிமையை அவளே கேட்டிருக்கலாம். இப்போது மகன் ஜான் கேட்டார். எதிரில் ராபர்ட் ப்ரூஸ், டேவிட்டின் இரண்டாவது மகள் இசபெல்லாவின் பிள்ளை. அக்காவின் பேரனா, தங்கையின் மகனா? தலைமுறையில் நெருக்கம் ப்ரூஸ், கிளையில் மூப்பு ஜான். 1292 நவம்பரில் இங்கிலாந்து அரசர் எட்வர்ட் ஜான் பக்கம் தீர்த்தார். நாலே ஆண்டில் அந்தப் பட்டத்தை அவரே பறித்தும்விட்டார்.

அப்புறம் 1306. டெர்வோர்கில்லாவின் மகள் எலினாரின் மகன் ஜான் காமினை, அந்த ப்ரூஸின் பேரன் டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் வைத்துக் குத்தினான். அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில்தான் பாட்டி, அந்தப் பேழையோடு, படுத்திருந்தாள்.