எல்லாரும் ‘புரிந்தது’ என்றே டிக் அடிக்கிறார்கள், என்ன செய்வது?

அடுத்த கேள்வி, ஒரு பாலிடெக்னிக் ஆசிரியை அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன். “சார், ஆன்லைனில் பைத்தான் நிரல்மொழிப் பாடம் எடுக்கிறேன். வாராவாரம் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் கொடுக்கிறேன். எல்லாரும் ‘நன்றாகப் புரிந்தது’ என்றே டிக் அடிக்கிறார்கள். தேர்வு வைத்தால் பாதிப் பேர் திணறுகிறார்கள். பிள்ளைகளை உண்மையைச் சொல்ல வைப்பது எப்படி?”

மேடம், அந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் பொய் சொல்லவில்லை. புரிந்துவிட்டது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். காணொளியில் நீங்கள் நிரல் எழுதும்போது ஒவ்வொரு வரியும் தெளிவாகத்தான் இருக்கிறது. கண்ணுக்குப் பழகியதை மனம் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரே பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது நான்கு முறை படித்த குழு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

ஆகவே ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள். ஒரு சின்ன வேலை கொடுங்கள். உங்கள் பைத்தானையே எடுத்துக்கொள்வோம். ஏ என்று ஒரு லிஸ்ட், அதாவது மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல். அதில் 1, 2 இருக்கிறது. அடுத்த வரியில் பி = ஏ. அதற்கடுத்து பி-யில் 3-ஐச் சேர்க்கிறோம். இப்போது ஏ-யில் என்ன இருக்கும்? நிரலை ஓட்டிப் பார்க்காமல் விடையை எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, எவ்வளவு உறுதி என்றும் குறிக்கச் சொல்லுங்கள். புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் ‘1, 2’ என்று எழுதி, ‘முழு உறுதி’ என்று குறிப்பார்கள். ஆனால் ஏ, பி இரண்டும் ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர். ஓட்டிப் பார்த்தால் 1, 2, 3 என்று வரும். அந்த நொடியில் தன் அளவு தனக்கே தெரிந்துவிடுகிறது, நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நல்ல மதிப்பெண் முறையே இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கார்ட்னர்-மெட்வின் என்ற பேராசிரியர் மருத்துவ மாணவர்களிடம் நடத்தியது. உறுதியை 1, 2, 3 என்று மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். விடை சரியென்றால் அதே 1, 2, 3 மதிப்பெண். தவறென்றால் 0, கழித்தல் 2, கழித்தல் 6. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால்தான் 3-ஐத் தொடுவது லாபம். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால் அடி விழும், தெரிந்ததை மறைத்தாலும் நஷ்டம். உள்ளதை உள்ளபடி சொல்பவருக்குத்தான் அதிகம் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் பயிற்சியில் மட்டும் வையுங்கள், அந்த மதிப்பெண்ணை இன்டர்னல் மார்க்கில் சேர்க்காதீர்கள்.

ஏன் சேர்க்கக் கூடாது? ஐஐடிகள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்குப் போய் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அந்த 25-க்காக அசைன்மென்ட் விடைகள் வாராவாரம் யூடியூபிலும் டெலிகிராமிலும் சுற்றுகின்றன. தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளக் கொடுத்த அசைன்மென்ட், மார்க் எடுக்கும் வழியாகிவிட்டது. நான் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், மார்க் வைத்தால் அதைத் துரத்தத்தான் செய்வார்கள். உங்கள் படிவத்துக்கு மார்க் வேண்டாம். அதை யார் பார்ப்பார்கள் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். துறைத் தலைவர் (ஹெச்ஓடி) பார்ப்பார் என்று சந்தேகம் வந்தாலே எல்லாரும் ‘நன்றாகப் புரிந்தது’ தான்.

இன்னொன்று, படிவத்தைக் காணொளி முடிந்த உடனே கொடுக்காதீர்கள், மறுநாள் கொடுங்கள். கேட்டது காதில் இருக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரித்தான் இருக்கும்.

அப்புறம், ‘புரியவில்லை’ என்று குறித்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. நானும் ஆரம்பத்தில் படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டேனே தவிர, ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்திலேயே எல்லாம் ‘புரிந்தது’ ஆகிவிட்டது. அடுத்த பேட்சில், புரியவில்லை என்றவர்களுக்காகப் பத்து நிமிடக் காணொளி ஒன்றைத் தனியாகப் பதிவு செய்து, இரண்டு நாளுக்குள் அனுப்பினேன். மறு வாரம் படிவத்தில் ‘புரியவில்லை’ அதிகமாக வந்தது. எந்த வரியில் தடுக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.