அடுத்த நாலு மணி நேரம்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோயைப் பற்றி வானொலியில் பேச்சு என்றால், நடங்கள், சோற்றைக் குறையுங்கள், இனிப்பைத் தொடாதீர்கள் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அது நாற்பது வயதுக்கு மேல் வருகிறதே, வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறதே, அந்தச் சர்க்கரைக்கு. நான் பேச வந்தது இன்னொன்றைப் பற்றி. டைப் ஒன் என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும்தான் அதிகம் வரும். மிட்டாய் தின்று வருவதல்ல. பெற்றவர்கள் செய்த எதனாலும் வருவதல்ல. மாத்திரை இதற்குப் போதாது. தினமும் பல வேளை இன்சுலின் ஊசி, வாழ்நாள் முழுக்க.

எனக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், உடம்பு இளைத்துக்கொண்டே போனது, கடைசியில் வாந்தியும் மூச்சு வாங்கலுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்க வந்த அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், என் காதருகே குனிந்து, "ஊசி போட்டா அதுவே பழக்கமாயிருமாமா கண்ணு, அப்புறம் உட முடியாதாமா?" என்று கேட்டார். ஊரில் பாதிப் பேருக்கு இன்றும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. விட முடியாது என்பது சரிதான். ஆனால் பீடி மாதிரி ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இல்லை இது. எல்லாருக்கும் உள்ளேயே சுரப்பதை நாங்கள் வெளியிலிருந்து ஏற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எந்தக் குடும்பமாவது, வேர் தருகிறேன், சூரணம் தருகிறேன், ஊசியை நிறுத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து வேண்டாம். டைப் ஒன் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே, சில சமயம் அதற்கும் முன்னாலேயே, உயிருக்கு ஆபத்து.

இந்த இன்சுலின் கிடைத்தது எப்படி என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். 1922க்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் என்பது பட்டினிதான். சோற்றைக் குறைத்துக் குறைத்து, சில மாதங்களை, மிஞ்சினால் ஒன்றிரண்டு வருஷங்களை நீட்டினார்கள். கனடாவில் டொரண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட், மெக்லியோட், காலிப் என்ற நால்வர் சேர்ந்து உழைத்ததில், 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை. போட்ட இடத்தில் சீழ்கூட வைத்தது. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற பெண் குழந்தையைக் கொண்டு வந்தார்கள். எடை சுமார் 20 கிலோ, வயது கிட்டத்தட்ட 15. ஊசி போட்டுக்கொண்டு அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். நவம்பர் 14 அன்று நாம் குழந்தைகள் தினம் கொண்டாடுகிறோம். பான்டிங்கின் பிறந்த நாளும் அதுதான். உலக நீரிழிவு தினமும் அன்றைக்குத்தான்.

சரி, மருந்து கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் அளவில் இருக்கிறது. நேற்று மூன்று இட்லிக்கு எத்தனை யூனிட் போட்டேனோ, அதே மூன்று இட்லிக்கு இன்று அத்தனையே போட்டாலும், நேற்று 140 காட்டிய சர்க்கரை மீட்டர் இன்று 310 காட்டும். நாளைக்கு 58 காட்டும். சிலருக்கு இந்த ஏற்ற இறக்கம் ரொம்ப மோசமாக இருக்கும். எனக்கு அப்படித்தான். விடியற்காலையில் உடம்பு தானாகச் சில ஹார்மோன்களை விடும், சர்க்கரை ஏறும். காய்ச்சல் வந்தால் ஏறும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி மாறும். நடந்தால் இறங்கும். அதுவும் உடனே மட்டும் இல்லை, அன்று ராத்திரி தூக்கத்திலும் இறங்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற டைப் ஒன் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். மருந்தளவைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் முன்னாலேயே பேசிவிட்டு, பையில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு கிளம்புங்கள். கூட நடப்பவரிடமும் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல, கீழ்பவானி வாய்க்காலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பவானிசாகரில் மதகைத் திறந்த உடனே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. 200 கிலோமீட்டர் வாய்க்கால், நாள் கணக்கில் ஆகும். கடைமடையில் வயல் காய்கிறதே என்று மேலே இன்னும் இரண்டு மதகைத் தூக்கினால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு எல்லாத் தண்ணீரும் ஒன்றாக வந்து வரப்பை உடைத்துக்கொண்டு போகும். சாப்பிட்ட பிறகு 300 இருக்கிறது என்று ஊசி போடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 280. பொறுக்காமல் இன்னொரு ஊசி. வேகமாக வேலை செய்யும் இன்சுலின்கூட ஏறத்தாழ நாலு மணி நேரம் உடம்பில் ஓடும், பழைய ரெகுலர் இன்சுலின் அதற்கும் மேல். முதல் ஊசியும் இரண்டாவது ஊசியும் சேர்ந்து ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்கும். போர்வை நனைய வியர்த்து, கை நடுங்கி எழுந்தால் மீட்டர் 50 காட்டும். இந்த நோயில் கோபம் வந்து போடுகிற ஊசிதான் ஆபத்தானது என்பது என் அனுபவம்.

இவ்வளவு மாறுகிறதே, எப்படித்தான் பிடிப்பது என்று மனம் விட்டுப் போகிற இடம் இது. எனக்கு நம்பிக்கை திரும்ப வந்ததும் இங்கேதான். காரணம் இல்லாமல் ஏறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்குக் காரணம் இருந்தது. வயிற்றில் தொப்புளுக்கு வலப்பக்கம், சுலபமாகக் கை போகிற ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் குத்தியதில் தோலுக்குக் கீழே மெத்தென்று ஒரு தடிப்பு. அதற்குள் போன இன்சுலின் ஒரு நாள் ஊறும், ஒரு நாள் அப்படியே கிடக்கும். எங்கள் நர்ஸம்மா விரலால் தடவிப் பார்த்த ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தார். இடம் மாற்றச் சொன்னார். புது இடத்தில் மருந்து முழுசாக ஏறும், அதனால் அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஒரு மாற்றத்தில் பாதிக் குழப்பம் அடங்கியது. உங்கள் வீட்டில் ஊசி போடுகிறவர் இருந்தால் இன்றைக்கே தடவிப் பாருங்கள்.

சிரிஞ்சையும் பாருங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்துவிட்டால் மருந்து இரண்டரை மடங்கு கூடும், இல்லை அதே கணக்கில் குறையும். மெடிக்கலில் அவசரத்தில் எதையாவது கொடுத்துவிடுவார்கள். வாங்குகிற நாம்தான் குப்பியையும் மூடியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

ஈரோட்டு வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் கரன்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. திறக்காத குப்பி ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரீசரில் வைத்து உறைந்துபோனதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். திறந்ததை வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்தால் பெரும்பாலான இன்சுலின்கள் சுமார் நாலு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணலுக்குள் சின்ன மண்சட்டியை இறக்கி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்ட குப்பியை அதற்குள் வைத்து மூடலாம். மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அரிசிம்பருப்பு சாதத்தை விட்டுவிடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் நான் விட்டிருக்க மாட்டேன். ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து. அதைக் கணக்கிட்டு ஊசி போடக் கற்றுக்கொண்டால் போதும். நெய் தாராளமாக விட்டால் சர்க்கரை மெதுவாக, நேரம் கழித்து ஏறும். ஒப்புட்டும் அப்படித்தான், தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையும் அப்படித்தான். களியும் கம்பங்கூழும் நல்லவைதான். ஆனால் சிறுதானியம் ஆயிற்றே என்று அளவில்லாமல் குடித்தால் அதிலும் மாவுச்சத்து இருக்கிறது என்பதை மீட்டர் சொல்லிவிடும். அப்புறம் நாட்டுச்சர்க்கரை. கவுந்தப்பாடியிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு, அதன் ருசியில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் "நாட்டுச்சர்க்கரை ஒண்ணும் பண்ணாதுங்க" என்று காபியில் போட்டுக் கொடுக்கிறவர்களிடம் சொல்கிறேன், பண்ணும். வெள்ளைச் சர்க்கரை செய்வதை அதுவும் செய்யும்.

சர்க்கரை ரொம்ப இறங்கி லோ ஆகும்போது அதுவே கை கொடுக்கவும் செய்யும். 70க்குக் கீழே போனால், அல்லது நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் கீழேயே இருந்தால் திரும்பக் குடியுங்கள். சாக்லேட், பன்னெல்லாம் அப்போது உதவாது, மெதுவாகத்தான் ஏறும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியருக்கும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். மறைத்து வைத்தால் லோ ஆகும் நேரத்தில் உதவ ஆள் இருக்காது.

நம்பிக்கை என்று தலைப்புக் கொடுத்து அழைத்துவிட்டு, ஊசியும் சோறுமாகப் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று நிலையத்தார் நினைக்கலாம். இன்னும் அஞ்சு வருஷத்தில் இதற்கு நிரந்தர மருந்து வந்துவிடும் என்று எனக்கு நோய் வந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். ஆராய்ச்சி நடக்கிறது, வந்தால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். ஆனால் ராத்திரி 320 காட்டும்போது அந்த நம்பிக்கை எதற்கும் உதவுவதில்லை. எனக்கு உதவுவது, அடுத்த நாலு மணி நேரத்தில் செய்ய ஒன்று இருக்கிறது என்ற தெளிவு. தண்ணீர் குடிக்கலாம், அளவாக ஊசி போடலாம், காத்திருக்கலாம், திரும்பப் பார்க்கலாம். வாந்தியும் இருந்தால், இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் கீட்டோன் என்ற அமிலத்தைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம். அந்த நாலு மணி நேரம் முடிந்தால் இன்னொரு நாலு மணி நேரம்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தால்தான் பலன் என்றால் என்னைப் போன்றவர்களுக்கு வழியே இல்லை. அப்படி இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் ஒன் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. ஒரு பிரிவினரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி அளவில், நோய் இல்லாதவர்களைப் போலவே இருக்கச் சொன்னார்கள். அந்த அளவைத் தொடர்ந்து காத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் சராசரியாக 7ஐ ஒட்டி நின்றார்கள். லோ ஆவதும் அவர்களுக்குக் கூடத்தான் செய்தது. ஆனாலும் வழக்கமான சிகிச்சையில் 9ஐ ஒட்டி இருந்த இன்னொரு பிரிவினரைவிட அவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு குறைந்தது, சிறுநீரகப் பாதிப்பு பாதியாகக் குறைந்தது. இலக்கைத் தொடாதவர்களுக்குக் கிடைத்த பலன் இது. டாக்டர் திட்டுவார் என்று நோட்டில் 120, 130 என்று பொய்யாக எழுதிக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் சொல்கிறேன், பொய்க் கணக்கைப் பார்த்து யாராலும் யோசனை சொல்ல முடியாது. 310 என்றால் 310 என்றே எழுதுங்கள்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1999 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட். சச்சின் 136 அடித்தும் நாம் 12 ரன்னில் தோற்றோம். வயிற்றெரிச்சலோடுதான் என்றாலும் மைதானம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அதன் கேப்டன் வாசிம் அக்ரமுக்கு 1997இலேயே டைப் ஒன் வந்திருந்தது. ஊசி போட்டுக்கொண்டே 2003 வரை ஆடினார்.

சலிப்பு வரும். எல்லாருக்கும் வரும். விடுமுறையே இல்லாத வேலை இது. அப்படிப்பட்ட நாளில் மற்றதெல்லாம் முன்னே பின்னே போனாலும் நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் அடிப்படை ஊசியை மட்டும் விடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு மனம் சோர்ந்தே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வாங்க வசதி இல்லையே என்று குமைய வேண்டாம். நேரம் பார்த்து விரலில் குத்திப் பார்த்தே நன்றாக இருக்கிறவர்கள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகத் தருகிறார்கள், வாங்கக் கூச்சப்படாதீர்கள். "பொண்ணுக்குச் சர்க்கரையாமா" என்று கல்யாணப் பேச்சில் இழுக்கிறவர்களுக்கு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, முன்கூட்டியே டாக்டரிடம் பேசித் திட்டமிட்டால் இந்தப் பெண்களும் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்பது பதில்.

முகூர்த்த மாதம் வந்தால் உங்கள் வீட்டிலும் விசேஷம் இருக்கும். பெரிய மனிதர் யாரோ வரட்டும் என்று பந்தியை நிறுத்தி வைப்பது நம் பக்கம் சகஜம். ரெகுலர் இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் குத்திக்கொள்ள வேண்டும். குத்திய பிறகு இலை விழவில்லை என்றால் மண்டபத்திலேயே மயங்கி விழ வேண்டியதுதான். அதனால் யாராவது பந்திக் கதவருகே வந்து, "ஏனுங்க, எப்பங்க பந்தி போடுவீங்க?" என்று கேட்டால், பசி பொறுக்காதவர் போலிருக்கிறது என்று சிரிக்காதீர்கள். "இதா ஆச்சுங்க" என்றும் சொல்லாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றால் ஒரு மணி நேரம் என்றே சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் ஊசியைக் கையில் எடுப்போம்.

நன்றி, வணக்கம்.