முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்புவது

அனைவருக்கும் வணக்கம். இன்று பேச எடுத்துக்கொண்டது பேபால் என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் கதை. இணையவழிப் பணப் பரிமாற்றம் எப்படித் தொழிலாக மாறியது, அதில் லாபம் எங்கிருந்து வருகிறது, நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதற்கெல்லாம் இந்தக் கதையிலேயே விடை இருக்கிறது. உங்களில் பலர் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து கொடுத்துச் சம்பாதிப்பவர்கள். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோசடிக்காரனை அடையாளம் காணக் கற்றுக்கொண்டதால்தான் இந்த நிறுவனம் பிழைத்தது. அதே திறமைதான் இன்றைக்கு நேர்மையான சிலருடைய கணக்கையும் முடக்கிப் போடுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

1998 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் மேக்ஸ் லெவ்சின், பீட்டர் தீல், லூக் நோசெக் ஆகியோர் இதைத் தொடங்கினார்கள். முதல் பெயர் ஃபீல்ட்லிங்க், சீக்கிரமே கான்ஃபினிட்டி. லெவ்சின் உக்ரைனில் பிறந்து, பதின்வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்கத்தில் அவருக்குத் தீராத ஆர்வம். அந்தக் காலத்தில் பாம் பைலட் என்று ஒரு கையடக்கக் கருவி இருந்தது. இரண்டு கருவிகளை எதிரெதிரே நீட்டினால் அகச்சிவப்புக் கதிர் வழியாகத் தகவல் போகும். அப்படியே பணத்தையும் அனுப்பினால் என்ன என்பதுதான் அவர்கள் யோசனை.

1999 ஜூலையில், வுட்சைட் என்ற ஊரில் உள்ள பக்ஸ் உணவகத்தில் செய்தியாளர்களைக் கூட்டிவைத்து, நோக்கியாவின் முதலீட்டுப் பிரிவு 30 லட்சம் டாலரை ஒரு பாம் பைலட்டிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக் காட்டியது. அதற்கான மென்பொருளை முடிக்க லெவ்சின் குழு பல இரவுகள் தூங்கவில்லை. எல்லாம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கிப்போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பாம் பைலட் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? பக்கத்தில் நிற்பவருக்குப் பணம் கொடுக்கப் பையிலேயே நோட்டு இருக்கிறதே! மக்கள் பிடித்துக்கொண்டது வேறொன்றை. மின்னஞ்சல் முகவரிக்குப் பணம் அனுப்பும் இணையதளத்தைப் பேபால் என்ற பெயரில் துணை வசதியாகத்தான் செய்து வைத்திருந்தார்கள். ஈபே என்ற இணைய ஏலத் தளத்தின் விற்பனையாளர்கள் அதைத் தேடி வந்தார்கள்.

அதற்கு முன் ஈபேயில் ஒரு பொருள் எப்படிக் கைமாறும் என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். ஒஹையோவில் ஒருவர் பழைய கேமராவை ஏலம் விடுகிறார். டெக்சாஸில் ஒருவர் 50 டாலருக்கு எடுக்கிறார். எடுத்தவர் காசோலை எழுதி, உறையில் போட்டு, தபாலில் சேர்க்க வேண்டும். அது போய்ச் சேர நான்கைந்து நாள். விற்பவர் அதை வங்கியில் போட்டு, பணம் ஏறும்வரை பொருளைக் கட்டி வைத்துக் காத்திருக்க வேண்டும். விற்றவர் பொருளை அனுப்பாமல் விட்டால் வாங்கியவருக்கு நட்டம். காசோலை திரும்பினால் விற்றவருக்கு அலைச்சல். கடன் அட்டையை ஏற்கும் வசதியெல்லாம் கடை வைத்திருப்பவருக்குத்தான், வீட்டிலிருந்து கேமரா விற்பவருக்கு எந்த வங்கியும் தராது. இந்த இடத்தில்தான் பேபால் நுழைந்தது. வாங்குபவரின் அட்டையில் பணத்தை எடுத்து, விற்பவரின் கணக்கில் உடனே காட்டியது.

கூட்டம் சேர்க்கக் காசை வாரி இறைத்தார்கள். கணக்குத் தொடங்கினால் 10 டாலர், இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் மேலும் 10 டாலர். எலான் மஸ்க் 1999இல் தொடங்கிய எக்ஸ்.காம் என்ற இணைய வங்கி நிறுவனமும் இதே ஏல விற்பனையாளர்களுக்காக மல்லுக்கட்டியது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதற்குள் 2000 மார்ச்சில் இணைந்து, 10 கோடி டாலர் முதலீடும் திரட்டின. இணைய நிறுவனப் பங்குகள் சரியத் தொடங்கியதும் அதே மாதம்தான். சில வாரம் தாமதித்திருந்தால் அந்தப் பணம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. செப்டம்பரில் மஸ்க் வெளியூர்ப் பயணத்தில் இருந்தபோது தலைமைப் பொறுப்பு தீலிடம் போனது. 2001இல் நிறுவனமே பேபால் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

சரி, வருமானம்? இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அட்டையில் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அட்டை நிறுவனத்துக்கும் வங்கிக்கும் கட்டணம் போக வேண்டும். பேபாலோ ஆரம்பத்தில் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. ஆக, வியாபாரம் பெருகப் பெருக நட்டமும் பெருகியது. தப்பிக்க இரண்டு வழிதான். விற்பவரிடம் கட்டணம் வாங்குவது ஒன்று. பணத்தை அட்டையிலிருந்து எடுக்காமல், செலவு மிகக் குறைந்த வங்கிக் கணக்கிலிருந்து எடுப்பது இன்னொன்று. ஆனால் ஒருவர் பதிவு செய்யும் வங்கிக் கணக்கு அவருடையதுதான் என்று எப்படித் தெரியும்?

இந்தியாவிலிருந்து போய் அங்கே வேலை பார்த்த சஞ்சய் பார்கவா இதற்கு ஒரு வழி கண்டார். அந்தக் கணக்கில் ஒரு டாலருக்கும் குறைவான இரண்டு சில்லறைத் தொகைகளைப் போடுவது. 14 சென்ட், 37 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு உரியவர் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். பார்த்து, அந்த எண்களைப் பேபாலில் வந்து சொன்னால் கணக்கு உறுதி. காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இன்று நீங்கள் மியூச்சுவல் ஃபண்டில் சேரும்போது வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் வந்து விழுகிறதே, அதுவும் இதே வகைச் சோதனைதான். பேபாலின் வரலாற்றில் மஸ்க்கையும் தீலையும் பற்றி எழுதுகிற அளவுக்கு இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்குக் குறைதான்.

அடுத்து வந்தது திருட்டு. 2000ஆம் ஆண்டின் நடுவில் மாதம் ஒரு கோடி டாலருக்கு மேல் மோசடியில் போய்க்கொண்டிருந்தது. திருடிய அட்டை எண்ணில் பணம் அனுப்புவார்கள். பெற்றுக்கொண்டவன் உடனே எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவான். ஒரு மாதம் கழித்து அட்டைக்கு உரியவர் பில்லைப் பார்த்துவிட்டு, ‘நான் செலவழிக்கவில்லை’ என்று புகார் செய்வார். வங்கி பணத்தைத் திரும்பப் பிடுங்கும். யாரிடமிருந்து? பேபாலிடமிருந்து.

ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரைச் சேர்ந்த வசிலி கோர்ஷ்கோவ், அலெக்சி இவானோவ் வழக்கைப் படித்தால் அதன் அளவு புரியும். ஆயிரக்கணக்கான போலி மின்னஞ்சல் முகவரிகளைக் கணினி நிரலே தொடங்கும். அவற்றுக்குத் திருட்டு அட்டைகளோடு பேபால் கணக்குகளையும் அதுவே தொடங்கும். ஈபேயில் விற்பவரும் அவர்களே, ஏலத்தில் வெல்பவரும் அவர்களே. ஊரார் அட்டையில் தங்களுக்குத் தாங்களே பணம் கொடுத்துக்கொண்டார்கள். எஃப்பிஐ ஒரு போலி நிறுவனத்தை உருவாக்கி, வேலைக்கான நேர்காணல் என்று சொல்லி 2000 நவம்பரில் இருவரையும் சியாட்டில் நகருக்கு வரவழைத்துக் கைது செய்தது.

நிரல் கணக்குத் தொடங்குவதைத் தடுக்க, லெவ்சினும் டேவிட் காஸ்பெக்கும் சேர்ந்து கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யும் சோதனையை வைத்தார்கள். இன்று நாம் கேப்ச்சா என்று சொல்வதை வணிகத்தில் முதலில் கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு. உள்ளே இகோர் என்று ஒரு மென்பொருள் ஓடியது. ‘உங்களால் என்னைப் பிடிக்க முடியாது’ என்று சவால் விட்ட ஒரு மோசடிக்காரனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கணினி மட்டுமே முடிவெடுத்தபோது திருடர்கள் ஒரு மணி நேரத்தில் வழியை மாற்றிக்கொண்டார்கள். அதனால் சந்தேகமானவற்றை மட்டும் கணினி பொறுக்கித் தர, மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்தார்கள். மனிதக் கண்ணுக்கு அங்கே இடம் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

2002 பிப்ரவரியில் ஒரு பங்கு 13 டாலருக்குப் பொது வெளியீடு. அதே ஆண்டு ஜூலையில் ஈபே 150 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஈபேயிடம் பில்பாயிண்ட் என்ற சொந்தச் சேவையே இருந்தும் அதை மூடிவிட்டு இதை எடுத்துக்கொண்டது. வெளியேறியவர்களில் சிலர் யூடியூப், லிங்க்டுஇன், யெல்ப் என்று தொடங்கியது தனிக்கதை, அதை விட்டுவிடுவோம். 2015இல் பேபால் மறுபடியும் தனி நிறுவனம் ஆனது. இடையில் பிரெய்ன்ட்ரீ என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தை வாங்கியபோது, நண்பர்களுக்குள் செலவைப் பிரித்துக்கொள்ள உதவும் வென்மோவும் கூடவே வந்தது. வெளிநாட்டிலிருந்து குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் ஜூம், சிறு கடைகளுக்கான ஐசெட்டில், தவணைக் கடன், 2023இல் டாலருக்கு இணையான ஒரு மின்னாணயம் என்று கிளைகள் விரிந்தன. 2024 இறுதியில் 43 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் புழக்கத்தில் இருந்தன. அந்த ஓராண்டில் கைமாறிய தொகை சுமார் 1.68 லட்சம் கோடி டாலர்.

சேவைகளில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியது வாங்குபவர் பாதுகாப்பு. பொருள் வரவில்லை, வந்தது சொன்னபடி இல்லை என்றால் பணம் கட்டி 180 நாட்களுக்குள் புகார் செய்யலாம். ஆனால் ‘நண்பர், குடும்பம்’ என்ற வகையில் அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘கட்டணம் மிச்சமாகும், அந்த வகையிலேயே அனுப்புங்கள்’ என்று முன்பின் தெரியாத விற்பனையாளர் கேட்டால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

வாங்குபவருக்குக் கொடுக்கும் இந்த உறுதிக்கு விலை, விற்பவரிடம் வாங்கும் கட்டணம் மட்டும் இல்லை. புகார் வரலாம் என்று தோன்றினால் விற்பவரின் பணத்தை நிறுத்தி வைக்கவும் நிறுவனம் உரிமை எடுத்துக்கொள்கிறது. கணக்கை முடக்கினால் 180 நாள் வரை பணம் உள்ளேயே கிடக்கலாம். 2002லேயே இதை எதிர்த்து அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2010 டிசம்பரில், அரசுகளின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸின் நன்கொடைக் கணக்கை நிறுத்தியபோது, யாருக்குப் பணம் போகலாம் என்பதை ஒரு தனியார் நிறுவனம் முடிவு செய்யலாமா என்று உலகமே கேட்டது. அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றே நான் நினைக்கிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2010 பிப்ரவரியில் இந்தியாவுக்கான தனிநபர் பரிமாற்றங்களைப் பேபால் நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. 2011 மார்ச் முதல் ஒரு முறைக்கு 500 டாலருக்கு மேல் பெறக்கூடாது, வந்த பணத்தை ஏழு நாட்களுக்குள் வங்கிக்கு மாற்ற வேண்டும், பேபாலில் இருக்கும் பணத்தைக் கொண்டு எதையும் வாங்கக்கூடாது என்று பேபால் அறிவித்தது. வடிவமைப்பும் மென்பொருளும் செய்து 800 டாலர் பில் போட்டவர், அதை இரண்டாக உடைத்து அனுப்ப வேண்டிய நிலை. வரம்பு பிறகு 3,000 டாலர் ஆகி, அப்புறம் 10,000 ஆனது. அன்று கசப்பாக இருந்தாலும், பணத்தை அங்கே தேங்கவிடாமல் வங்கிக்குக் கொண்டுவரச் சொன்ன விதி நமக்கு நல்லதே செய்தது. கணக்கு முடங்கினாலும் மாட்டிக்கொள்ளும் தொகை சிறிதாகத்தான் இருக்கும்.

சென்னையில், சோழிங்கநல்லூரில் பேபாலின் பெரிய மென்பொருள் மையம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தில் பேபால் கால் ஊன்றவில்லை. 2017 நவம்பரில் உள்நாட்டுச் சேவையைத் தொடங்கி, 2021 ஏப்ரல் முதல் மூடிவிட்டது. யுபிஐ இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் கடைக்காரர் ஏன் சதவீதக் கட்டணம் தரப்போகிறார்?

ஆனால் யுபிஐயில் முன்பின் தெரியாத ஒருவருக்கு 5,000 ரூபாய் அனுப்பி, பொருள் வராவிட்டால் என்ன செய்வோம்? இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்து, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கி தடுக்குமா என்று காத்திருப்போம். வாங்குபவர் பாதுகாப்பு என்ற அடுக்கே அங்கே கிடையாது. அதைத் தாங்குவதற்கான செலவும் இல்லை, அதனால் கட்டணமும் இல்லை. பேபாலின் கட்டணத்தைக் கொள்ளை என்று திட்டுபவர்கள் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்திய விற்பனையாளர் வெளிநாட்டுப் பணத்துக்குக் கொடுக்கும் 4.4 சதவீதமும், அதற்கு மேல் டாலரை ரூபாயாக்கும்போது போவதும் எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் அது சும்மா வாங்கும் பணம் என்று சொல்ல மாட்டேன்.

முடக்கத்துக்குத் திரும்புகிறேன். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி சந்தேகப் பரிமாற்றங்களைத் தெரிவிக்கும் நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளவில்லை என்று இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவு 2020இல் பேபாலுக்கு 96 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. 2023 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் அபராதத்தை நீக்கியது. ஆனால் அந்தச் சட்டம் பேபாலுக்குப் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. அதாவது, கண்காணிப்பது இனி கடமை. அப்படித் தெரிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பதும் சட்டத்தின் ஒரு பகுதி. அதனால் ‘ஏன் முடக்கினீர்கள்’ என்று கேட்டால், எல்லா நேரத்திலும் முழுப் பதில் வராது. இகோர் போன்றவனுக்கு நம் விதிகளைச் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்ற நிறுவனத்தின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் எல்லா முடக்கமும் அந்த வகை இல்லை. ஒரு ஆவணம் தெளிவாக இல்லை, திடீரென்று வரவு கூடிவிட்டது, பொருள் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. இதைச் சொல்வதால் எந்த ரகசியமும் வெளியே போகாது. மூன்று மாத உழைப்பின் கூலி உள்ளே கிடக்கும்போது, தானாக வரும் ஒரே மாதிரி மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படிப்பது எவ்வளவு கொடுமை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும், எத்தனை நாளில் முடிவு வரும் என்று சொல்ல வேண்டும், மேல்முறையீட்டை ஒரு மனிதர் படிக்க வேண்டும். மோசடியைப் பிடிக்க 2000இல் மனிதக் கண்ணை நம்பிய தொழில் இது. நேர்மையானவரை விடுவிக்கவும் அதே கண்ணைக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை. எல்லை தாண்டிய பணத்தைக் கையாளும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் புதிய விதிகள் கொண்டுவந்தது. இதையும் ரிசர்வ் வங்கியின் விதிகளில் சேர்க்கச் சொல்லி, இங்கே வந்திருக்கும் நாம் எல்லோரும் கையெழுத்திட்டு மனு அனுப்பலாம் என்பது என் யோசனை. வரைவு ஒன்று எழுதி எடுத்து வந்திருக்கிறேன், பின் வரிசைவரை பிரதிகள் இருக்கின்றன. படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.