பேரை நாம் சொல்லக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம். வேலூர்ப் பக்கம் 28 வருஷம் தியேட்டர் நர்சாக நின்றவள் நான். சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர்.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனில் தவறு நடக்காமலிருக்க ஒரு பட்டியல் கொண்டுவந்தது. ஒரே பக்கம், 19 விஷயங்கள். மூன்று தடவை வேலையை நிறுத்தி, வாய்விட்டுப் படிக்க வேண்டும்: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன். டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது ஆபரேஷனுக்குப் பிந்தைய சாவு நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஒரு தாளுக்கு இவ்வளவா என்று நானும் சந்தேகப்பட்டேன்.

முதல் கேள்வியே பேரும் ஊரும்தான். சிரிக்காதீர்கள். பட்டியல் வருவதற்கு முன்பு ஒரு நாள், இரண்டு முனுசாமிகள். நம்ம பக்கம் முனுசாமிக்குப் பஞ்சமா? இரண்டு பேருக்கும் குடலிறக்கம். குடியாத்தத்துக்காரருக்கு வலப்பக்கம், அணைக்கட்டுக்காரருக்கு இடப்பக்கம். ஸ்ட்ரெச்சரில் வந்தவரிடம் குனிந்து, "அணைக்கட்டு முனுசாமிதானே? இடப்பக்கம்தானே?" என்றேன். "ஆமாம்மா" என்றார்.

மயக்க டாக்டர் வந்தார். அவர் முனுசாமி என்ற பேரைச் சொல்லவே இல்லை. "பெரியவரே, எந்த ஊரு? எதுக்கு வந்திருக்கீங்க?"

"குடியாத்தங்க. இங்கதாங்க வீங்குது" என்று வலது தொடையிடுக்கைத் தொட்டார்.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. "அப்புறம் ஏன் என்கிட்ட ஆமான்னீங்க?"

"நீ இன்னா கேட்டியோ அதுக்கு ஆமான்னேம்மா."

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பல்செட்டை வாங்கிக்கொண்டோம், கண்ணாடியை வாங்கிக்கொண்டோம், விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கிடையாது. அந்த நிலையில் யார் எதைக் கேட்டாலும் ஆமாம்தான். அதனால் திரும்பவும் சொல்கிறேன், பேரை நாம் சொல்லக் கூடாது. அவர் வாயால் வர வேண்டும்.

இரண்டாவது கட்டத்தில் எல்லோரும் தங்கள் பேரையும் வேலையையும் சொல்வார்கள். கிருமிக்கான ஊசி கடந்த 60 நிமிஷத்துக்குள் போட்டாயிற்றா என்று கேட்பார்கள். கேட்க வேண்டும். நோயாளி வருவதற்கு முன்பே டிக் அடித்து வைத்த தாள்களையும் பார்த்திருக்கிறேன், எல்லா டிக்கும் ஒரே சாய்வில். எந்த இடம் என்று கேட்காதீர்கள். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதைக் கொண்டுவந்து ஆராய்ந்தார்கள். சாவு எண்ணிக்கையில் சொல்லும்படி மாற்றமில்லை. தாள் இருந்தது, காது இருந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

மூன்றாவது, மாப் எண்ணிக்கை. ரத்தம் ஒற்றும் துணி அது, ஐந்தைந்தாகக் கட்டி வரும். வயிற்றை மூடும்போது ஒன்று குறைந்தால் சர்ஜன் எவ்வளவு அவசரப்பட்டாலும் விடக் கூடாது. குப்பை வாளியைக் கொட்டித் தேடுவோம், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் தெரிவதற்கென்றே துணிக்குள் ஒரு நூல் வைத்திருப்பார்கள். ஒரு தடவை அது ஒரு டாக்டரின் செருப்புக்கு அடியில்... அது பெரிய கதை. ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.