பண்டோராவில் எல்லாவற்றுக்கும் ஆறு கால், நாவிகளுக்கு மட்டும் ஏன் நான்கு?

வணக்கம். அவதார் படத்தின் கதை நடக்கும் வேற்றுலகம் பண்டோரா, அங்கே வாழும் நீல நிற மக்கள் நாவிகள். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அவதார் படத்தில் பண்டோராவின் குதிரைக்கு ஆறு கால், ஓநாய் மாதிரி கூட்டமாக வருகிறதே அதற்கும் ஆறு கால், கதாநாயகன் ஜேக்கைத் துரத்தும் தனடார் என்ற விலங்குக்கும் ஆறு கால். நாவிகளுக்கு மட்டும் நம்மைப் போல இரண்டு கை, இரண்டு கால். இயக்குநர் கோட்டை விட்டுவிட்டாரா, இல்லை நாவிகள் வேறு ஏதோ கிரகத்திலிருந்து வந்து குடியேறியவர்களா?"

கோட்டை விடவில்லை. 2009-இல் வந்த முதல் படத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சில நொடிகளே வருவதால் பலர் கவனிக்கவில்லை. ஜேக் முதல்முறை காட்டுக்குள் போகும்போது, மரக்கிளைகளில் குரங்கு போன்ற நீல நிற விலங்குகள் தாவிக்கொண்டிருக்கும். புரோலீமரிஸ் என்று பெயர். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி அதன் கையைப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஒரே கை, அதற்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. இரண்டு ஜோடிக் கைகள் பாதி ஒட்டிப்போன நிலை அது. கண்ணும் இரண்டுதான். பண்டோராவின் குதிரைக்கு நான்கு கண் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு உறுப்பு உடலுக்கும் நாவி உடலுக்கும் நடுவில் இப்படி ஒரு கிளை இருந்திருக்கும் என்று காட்டத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். படத்தில் யாரும் இதைப் பற்றி வகுப்பு எடுப்பதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

சரி, உறுப்புகள் இப்படி ஒட்டிப்போகுமா? போகும். பூமியிலேயே நடந்திருக்கிறது. மாட்டின் பாதத்துக்கு மேலே ஒரே எலும்பாகத் தெரிவது, இரண்டு எலும்புகள் இணைந்து உருவானது. பறவையின் இறக்கை நுனியிலும் கை எலும்புகள் பல ஒன்றாகிவிட்டன. உறுப்பு அடியோடு மறைவதும் உண்டு. பாம்பு காலை இழந்துவிட்டது, ஆனால் மலைப்பாம்பின் உடலில் பின்னங்காலின் மிச்சம் இன்னும் இருக்கிறது. திமிங்கலத்துக்குள் சின்ன இடுப்பெலும்பு இருக்கிறது. பரிணாமத்துக்கு இருப்பதைக் குறைப்பது எளிது, புதிதாக ஒரு ஜோடிக் கை முளைக்க வைப்பதுதான் கடினம். முதுகெலும்புள்ள விலங்குகளில் ஆறு காலுள்ள ஒன்றை நீங்கள் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம். நம் மூதாதையர்களான மீன்களுக்கு இரண்டு ஜோடித் துடுப்புகள் இருந்தன, அந்தக் கணக்கே இன்றுவரை தொடர்கிறது. சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிக்டாலிக் என்ற மீனின் துடுப்புக்குள்ளேயே தோள், முழங்கை, மணிக்கட்டு போன்ற எலும்புகள் இருந்தன. நான்கு என்பது ஏதோ உயர்ந்த வடிவம் என்று நினைக்க வேண்டாம், அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பண்டோராவில் அந்தத் தொடக்கம் ஆறாக இருந்திருந்தால், ஆறிலிருந்து நான்குக்கு இறங்கி வருவதை நான் தயங்காமல் ஏற்றுக்கொள்வேன்.

நான் ஏற்கத் தயங்குவது நாவிகளின் முகத்தை. பண்டோராவின் குதிரை கழுத்தில் உள்ள துளைகள் வழியாக மூச்சு விடுகிறது. நாவிகளோ நம்மைப் போல மூக்கால் மூச்சு விடுகிறார்கள். தலைமுடி இருக்கிறது, உதடு இருக்கிறது, சிரித்தால் சிரிப்பு, அழுதால் கண்ணீர். கை ஒட்டிப்போனதற்கு ஒரு புரோலீமரிஸைக் காட்டிவிட்டார்கள், இத்தனை ஒற்றுமைக்கு எதைக் காட்டுவது? இங்கே உயிரியல் முடிந்து சினிமா தொடங்குகிறது. நடிகை ஜோ சல்டானாவின் முக அசைவுகளைப் பதிவு செய்து அப்படியே நாவிக் கதாநாயகி நெய்திரியின் முகத்தில் ஏற்றுகிறார்கள். நான்கு கண்ணும் கழுத்தில் மூக்கும் இருந்தால் அந்த நடிப்பை எங்கே பொருத்துவது? போதாக்குறைக்கு இது காதல் கதை. பார்ப்பவருக்கு நெய்திரியைப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் இன்னும் விசித்திரமான வடிவங்களை எல்லாம் யோசித்துவிட்டு, இந்தக் காரணத்துக்காகத்தான் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் மனித வடிவத்துக்கு நெருங்கி வந்தார். அது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அதை அறிவியல் என்று யாராவது நிரூபிக்க வந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் அந்தக் குடியேறிய கதை. ஊகம் சுவையாக இருக்கிறது, ஆனால் நாவியின் சடை அதற்கு இடம் கொடுக்காது. அந்தச் சடைக்குள் நரம்பு இழைகள் ஓடுகின்றன. அதைக் குதிரையின் இழையோடு இணைத்தால் இரண்டு உயிரும் ஒன்றையொன்று உணர்கின்றன. பறக்கும் விலங்கான இக்ரானோடும் இணைகிறது, நாவிகள் புனிதமாகக் கருதும் ஆன்மாக்களின் மரத்தோடும் இணைகிறது. வெளியிலிருந்து வந்த ஓர் உயிரின் நரம்பு, அந்த ஊர் விலங்குகளோடும் மரத்தோடும் இப்படிப் பொருந்த வழியே இல்லை. பொது மூதாதை இருந்தால்தான் இது சாத்தியம். போதாததற்கு, இருட்டில் காடு முழுக்க ஒளிர்வது போல நாவியின் தோலிலும் ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன.

இதையெல்லாம் கவனித்தவர் விரல்களையும் எண்ணிப் பாருங்கள். நாவிக்குக் கட்டைவிரலோடு சேர்த்து ஒரு கையில் நான்கு விரல்தான். மனிதர்கள் தங்கள் மனதால் இயக்கும், மனித மரபணு கலந்த அவதார் உடல்களுக்கு ஐந்து. 2022-இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஜேக்கின் குடும்பத்துப் பிள்ளைகளான லோவாக்கையும் கிரியையும் கடலோரப் பிள்ளைகள் கேலி செய்வது இந்த ஐந்தாவது விரலுக்காகத்தான். நாவி மொழியை உருவாக்கிய பால் ஃபிராமரும் இதை விடவில்லை. இரண்டு கைக்கும் சேர்த்து எட்டு விரல் என்பதால், அவர்களுடைய எண் முறையை எட்டின் அடிப்படையில் அமைத்தார். நாம் பத்து, நூறு என்று போகும் இடத்தில் அவர்கள் எட்டு, 64 என்று போகிறார்கள்.