புருவத்துல ஒரே கிழிசல், தீர்ப்பு மட்டும் வேற வேற

(திரையில்: லாஸ் ஏஞ்சலஸ், 21 ஜூன் 2003)

லென்னக்ஸ் லூயிஸ், விடாலி கிளிட்ச்கோ மோதுன ஹெவிவெயிட் குத்துச்சண்டை. மூணாவது ரவுண்டுல லூயிஸோட வலது குத்து பட்டு விடாலியோட இடது கண் பக்கம் தோல் கிழிஞ்சிடுச்சு. ஆறு ரவுண்டு முடிஞ்சப்போ மூணு ஜட்ஜோட மார்க் அட்டையிலயும் 58-56, விடாலிதான் முன்னாடி. ஆனா தலையை நிமிர்த்தினா மேல் இமை பார்வையை மறைக்குதுன்னு டாக்டர் சண்டையை நிறுத்திட்டார். டிகேஓ, அதாவது டெக்னிக்கல் நாக் அவுட், ஜெயிச்சது லூயிஸ்.

இதே காயம் தலை முட்டி வந்திருந்தா ஜெயிச்சவர் விடாலி!

(திரையில்: குத்து / தற்செயல் / வேணும்னே)

அமெரிக்க மாநிலங்கள்ல குத்துச்சண்டையைக் கண்காணிக்கற கமிஷன்கள் பின்பற்றுற பொது விதிகள்ல, காயத்தோட ஆழத்தை விட அது எதனால வந்ததுங்கறதுதான் முக்கியம். குத்துல வந்த காயத்தால சண்டை நின்னா, அடி வாங்கினவர் தோத்தார். தற்செயலா தலை முட்டி, நாலு ரவுண்டு முடியறதுக்குள்ள நின்னா, முடிவே கிடையாது. நாலு முடிஞ்சிட்டா அட்டையை எண்ணுவாங்க, பாதியில நின்ன ரவுண்டுக்கும் மார்க் உண்டு.

வேணும்னே முட்டி, எதிராளியால அதுக்கு மேல ஆட முடியலைன்னா, முட்டினவர் டிஸ்குவாலிஃபை. ஆட முடிஞ்சா, முட்டினவருக்குக் கட்டாயமா 2 பாயின்ட் போகும். அதே காயம் நாலு ரவுண்டுக்கு அப்புறம் சண்டையை நிறுத்தினா, அடிபட்டவர் முன்னாடி இருந்தா வெற்றி, பின்தங்கி இருந்தாலும் டிரா. இந்த விதிகள்லயே நல்லா யோசிச்சு எழுதின பகுதி இதுதான்.

வலதுகைக்காரரும் இடதுகைக்காரரும் மோதினா முன்காலும் முன்காலும் ஒரே பக்கம் வந்து, தலை முட்டறது சகஜம். 2011 ஜனவரியில டிமோத்தி பிராட்லி, டெவோன் அலெக்ஸாண்டர் சண்டை 10-வது ரவுண்டுல அட்டைக்குப் போனது இப்படித்தான். உலக குத்துச்சண்டை கவுன்சிலோட விதி இன்னும் ஒரு படி மேல. தற்செயலா முட்டினாலும், காயம் படாதவருக்கு 1 பாயின்ட் வெட்டு. வேணும்னு செய்யாத தப்புக்குத் தண்டனையான்னு கேட்டா, எங்களுக்கும் அதுல உடன்பாடு இல்லை.

(திரையில்: கார்னர், ஸ்டூல், பஞ்சுக் குச்சி)

இப்ப கார்னருக்கு, வீரர் இடைவேளையில உட்கார்ற மூலைக்கு, வாங்க. இடைவேளை 60 வினாடி. நடந்து வந்து உட்காரவே கொஞ்சம் போயிடும். காயத்தைப் பார்த்துக்கற கட்மேன் முதல்ல துடைச்சு, ரத்தத்தை நிறுத்தற அட்ரினலின் ஆயிரத்துல ஒரு பங்கு கலந்த திரவத்துல நனைச்ச பஞ்சுக் குச்சியைக் காயத்துக்குள்ள வெச்சு அழுத்துவார், கடைசியா மேல வாஸ்லின். நடுவுல ரத்தம் நின்னுதான்னு எடுத்து எடுத்துப் பார்த்தா அழுத்தினதெல்லாம் வீண். புருவத்துக்கு மேல கிழிஞ்சா ரத்தம் நேரா கண்ணுக்குள்ள இறங்கும். கண்ணுக்குக் கீழ கிழிஞ்சா அவ்வளவு ஆபத்தில்லை. இமை விளிம்பு, கண்ணீர்க் குழாய் பக்கம்னா சண்டையை நிறுத்த டாக்டர் யோசிக்க மாட்டார்.

சிக்கல் இங்கதான். தலை முட்டி ரத்தம் வருது, நீங்க முன்னாடி இருக்கீங்க. நாலாவது ரவுண்டு முடியற மணி அடிக்கற வரைக்கும் "கண்ணு நல்லா தெரியுது டாக்டர்". மணி அடிச்சதும் "ஒண்ணுமே தெரியலை". இதைத் தடுக்க விதியில வழி கிடையாது.

அதனால நடுவர் அந்த நிமிஷத்துல சொல்றதுதான் எல்லாமே. ஆட்டத்தை நிறுத்தி, குத்தா முட்டலான்னு ஜட்ஜுகளுக்கும் கமிஷனுக்கும் உடனே காட்டணும். 2011 அக்டோபர்ல, இரண்டாவது ரவுண்டுல, சாட் டாசன் தோள் கொடுத்துத் தூக்கினதுல பெர்னார்ட் ஹாப்கின்ஸ் கீழ விழுந்து தோள்பட்டை அடிபட்டுது. ஃபவுல் இல்லைன்னு நடுவர் சொன்னதால டாசனுக்கு டிகேஓ வெற்றி. டிசம்பர்ல கலிஃபோர்னியா கமிஷன் அதை மாத்தி, முடிவில்லைன்னு அறிவிச்சது. நெவாடால இந்த மாதிரி நேரத்துல ரீப்ளே பார்க்க வழி இருக்கு. எல்லா இடத்துலயும் இருந்தா என்ன கெட்டுப்போகும்?

(திரையில்: தொப்புள் மட்டத்துல சிவப்புக் கோடு)

பெல்ட்டுக்குக் கீழ அடி மட்டும் தனிக் கணக்கு. அதிகபட்சம் 5 நிமிஷம் ஓய்வு. அதுக்கு மேலயும் எழுந்து ஆடலைன்னா, அடிபட்டவருக்கே நாக் அவுட் தோல்வி. 2023 ஆகஸ்ட்ல போலந்துல, ஐந்தாவது ரவுண்டுல டேனியல் டுபுவா விட்ட குத்து ஹெவிவெயிட் சாம்பியன் ஒலெக்ஸாண்டர் உஸிக்கோட இடுப்புப் பட்டையில விழுந்தது. கீழ அடின்னார் நடுவர். உஸிக் மூணரை நிமிஷத்துக்கு மேல எடுத்துக்கிட்டு எழுந்து, ஒன்பதாவதுல ஜெயிச்சார். சரியான குத்துன்னு நடுவர் நினைச்சிருந்தா அங்கேயே பத்து வரைக்கும் எண்ணியிருப்பார். எல்லைக்கோடு தொப்புளும் இடுப்பெலும்பு மேல்நுனியும் சேர்ற மட்டம், டிரவுசரோட பட்டை இல்லை. பட்டையை மேல இழுத்துக் கட்டினவரை, டிரெஸ்ஸிங் ரூம்லயே கீழ இறக்கச் சொல்ல வேண்டியது நடுவரோட வேலை.