ரிஃப் கணக்கிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுப்பது?

வணக்கம் நேயர்களே. கனடாவில் ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கில் பணம் போடுவது பற்றி ஒவ்வொரு பெப்ரவரியிலும் பேசித் தீர்க்கிறோம். எடுப்பது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இன்று அதைப் பார்ப்போம்.

71 வயதாகும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் ஆர்.ஆர்.எஸ்.பி.யை முடித்தாக வேண்டும். அனேகமானோர் அதை ரிஃப் ஆக, அதாவது சேமித்ததை ஆண்டுதோறும் எடுக்கும் கணக்காக, மாற்றுகிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து குறைந்தபட்சத் தொகை ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும். ஜனவரி 1 அன்று கணக்கில் இருந்த பணமும் அன்றைய உங்கள் வயதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. 71 வயதில் 5.28 சதவீதம், 80இல் 6.82, 95இலிருந்து 20. இரண்டு லட்சம் டொலர் இருந்தால் முதல் ஆண்டில் 10,560 டொலர்.

மனைவிக்கு வயது குறைவா? அவருடைய வயதை வைத்துக் கணக்கிடச் சொல்லலாம். அவருக்கு 65 என்றால் 4 சதவீதம், அதாவது 8,000 டொலர் போதும். முதல் தொகையை எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

மார்ச்சில் சந்தை சரிந்தாலும் அந்த ஆண்டின் தொகை குறையாது. அதனால் ஓராண்டுக்கு எடுக்க வேண்டியதையாவது பங்குகளில் விடாமல் தனியே வைத்திருங்கள். விழுந்த விலையில் விற்று வீட்டுச் செலவு பார்ப்பதுபோல் வயிற்றெரிச்சல் வேறில்லை.

சரி, வரி. குறைந்தபட்சத் தொகையில் வங்கி வரி பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும். முன்கூட்டியே பிடிக்கும்படி வங்கியிடம் கேட்கலாம். குறைந்தபட்சத்துக்கு மேல் எடுத்தால், அந்தக் கூடுதல் தொகைக்கு, கியூபெக்குக்கு வெளியே, 5,000 வரை 10 சதவீதம், 15,000 வரை 20, அதைத் தாண்டினால் 30 பிடிப்பார்கள். இது முன்பணம்தான், உண்மையான வரி உங்கள் மொத்த வருமானத்தைப் பொறுத்தது. 65 வயதானவர்கள் ரிஃப் வருமானத்தில் பாதி வரை துணையின் வரிக் கணக்கில் காட்டலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

வங்கி அனுப்பும் குறைந்தபட்சத்தையே திட்டமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் இறந்த பின் துணைக்குப் போனால் ரிஃப் பணத்துக்கு உடனே வரி வராது. துணையும் இல்லாதபோது, மீதி முழுவதும் பொதுவாக இறந்த ஆண்டின் வருமானமாகிவிடும். பெரிய தொகை என்றால் வரியும் உச்ச வீதத்தில் போகும். எழுபதுகளில் வருமானம் குறைவான ஆண்டுகளில் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, வரி போக மீதியை, இடமிருந்தால், வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ.யில் போடலாம். ஆனால் வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் ஜி.ஐ.எஸ். உதவித்தொகை வாங்குபவர்கள் பொறுங்கள்! ரிஃபில் எடுக்கும் ஒவ்வொரு டொலரும் அடுத்த ஜூலையிலிருந்து வரும் உதவித்தொகையைக் குறைக்கும். அவர்கள் கூடுதலாக எடுக்கும் முன் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.